பீஸ் கட்டை யார் மடியில் இருக்க வேண்டும்

அந்த ஒரு வரியை நீக்கச் சொல்லித் திருத்தம் அனுப்பியிருக்கும் தம்பிக்கும், அதற்குக் கீழே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கும் மற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது உண்மைதான். ஆனால் ஓப்பன் சோர்ஸில் ஓய்வு பெற்றவர்களை வெளியே நிறுத்த கேட்டும் கிடையாது, வாட்ச்மேனும் கிடையாது. அந்த மோட்டார் சாஃப்ட்வேர் ஆவணத்தில் யார் எதில் கை வைத்தாலும் எனக்கு இன்றும் மெயில் வரும். உங்களுடையதும் வந்தது. படித்தேன். "முடியாது" என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். அதற்கு உங்களில் ஒருவர், ஒரு வரிக்காக அக்கா ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறார் என்று கேட்டிருக்கிறார். கேட்டது நல்லதுதான். உட்காருங்கள், சொல்கிறேன்.

நீங்கள் நீக்கப் பார்க்கும் வரி இது: "கிணற்றில் இறங்குபவர், இறங்கும் முன் பீஸ் கட்டைகளைப் பிடுங்கித் தம்மோடு எடுத்துச் செல்ல வேண்டும்."

நீங்கள் சொல்லியிருக்கும் காரணம்: இப்போது வந்திருக்கும் புது வெர்ஷனில், கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மோட்டார் தானாகக் கிளம்பாது; ஆகவே எச்சரிக்கை தேவையில்லை. தவிர, எதை எவர் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் ஒரு சாஃப்ட்வேர் ஆவணத்தில் இருக்க வேண்டிய சங்கதியே இல்லை. நாசூக்கான இங்கிலீஷில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிளாட்டில் வளர்ந்தவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மோட்டாருக்கு வரும் மூன்று கம்பிகளுக்கும் மெயின் போர்டில் கம்பிக்கொரு பீங்கான் கட்டை செருகியிருக்கும். அதுதான் பீஸ் கட்டை. உருவினால் கரண்ட் அங்கேயே நின்றுவிடும். நம் பக்கத்தில் த்ரீ பேஸ் கரண்ட் முறை வைத்துத்தான் வரும், போகும். வருகிற நேரத்துக்கெல்லாம் ஓடிப்போய் மோட்டார் போட யாரால் முடியும்? அதனால் எல்லோரும் ஆட்டோ சுவிட்சில் விட்டுவைத்திருப்பார்கள். கரண்ட் வந்ததும் அந்த லைனில் இருக்கிற மோட்டார் அத்தனையும் தானாகக் கிளம்பும். இப்படிப்பட்ட ஊரில் கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரில் கை வைக்கிறவர்கள் தங்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கட்டை மூன்றையும் உருவி, வேட்டி மடியில் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். போர்டுக்கு மேலேயோ ஜன்னலிலேயோ வைக்கமாட்டார்கள். வேலை முடிந்து மேலே வந்து தங்கள் கையாலேயே திரும்பச் செருகுவார்கள்.

இந்த வழக்கத்தை நிறுத்தியது ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்தை எழுதியது நான்.

கணபதி ஏரியாவில் ஒரு கம்பெனியில் டாக்குமெண்டேஷன் வேலை பார்த்தேன். போனிலிருந்தே மோட்டாரைப் போட்டு அணைக்கிற பெட்டி எங்கள் சரக்கு. பெட்டிக்குள் ஓடும் சாஃப்ட்வேர் எங்களுடையது இல்லை. உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த ஓப்பன் சோர்ஸ். அதன் ஆவணமும் அப்படித்தான். தப்பு கண்டால் யாரும் திருத்தம் அனுப்பலாம். பராமரிப்பவர்கள் ஒப்புக்கொண்டால் ஏறும். அந்த இங்கிலீஷ் ஆவணத்தைப் பார்த்துத் தமிழில் கையேடு எழுதுவது என் வேலை. வழியில் கண்ணில் பட்ட சின்னச் சின்னத் தப்புகளைத் திருத்தி மேலே அனுப்புவது யாரும் எனக்குக் கொடுக்காத வேலை. ஆபீஸில் புரோகிராம் எழுதும் பிள்ளைகள் எனக்கு "கமா அக்கா" என்று பேர் வைத்திருந்தார்கள். "கமா அக்கா வாராங்க, ஃபுல்ஸ்டாப்பை எல்லாம் ஒளிச்சு வைங்கடா" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதும் ஒவ்வொரு வரியையும் பெட்டியில் செய்து பார்க்காமல் எழுதமாட்டேன். என் மேஜை மேல் ஒரு பெட்டி, மோட்டாருக்குப் பதில் ஒரு குண்டு பல்ப். பல்ப் எரிந்தால் மோட்டார் ஓடுகிறது என்று கணக்கு. அப்போது அதன் புது வெர்ஷன் ஒன்று வந்திருந்தது. கையேட்டின் புதுப் பதிப்பு அச்சுக்குப் போக வேண்டும். பழைய பதிப்பில் இருந்த வரி இங்கிலீஷ் ஆவணத்திலும் அப்படியே இருந்தது: "மின்சாரம் தடைபட்டுத் திரும்ப வந்தால் மோட்டார் நின்றபடியே இருக்கும். கையால்தான் இயக்க வேண்டும்." பல்பை எரியவிட்டுப் பிளக்கை உருவினேன். அணைந்தது. திரும்பச் செருகினேன்.

பல்ப் தானாக எரிந்தது.

நான் கெட்டிக்காரி இல்லை, முதலில் பிளக்கைத்தான் சந்தேகப்பட்டேன். வேறு பெட்டியை எடுத்து மாட்டினேன். அதுவும் எரிந்தது. அப்புறம்தான் மாற்றங்களின் பதிவைப் போய்ப் பார்த்தேன். புது வெர்ஷனில் யாரோ ஒருவர், கரண்ட் போவதற்கு முன் மோட்டார் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கிளம்பட்டும் என்று மாற்றியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார். ஆவணத்தை மாற்ற மட்டும் மறந்துவிட்டார். உடனே திருத்தம் அனுப்பினேன். எப்படி அனுப்பினேன் என்று நினைக்கிறீர்கள்? நம்மூர் வழக்கப்படி, இங்கிலீஷிலேயே ஆயிரம் 'ங்க' போட்டு. தங்களுக்குத் தொந்தரவில்லையென்றால், நேரம் கிடைக்கும்போது, என் புரிதல் தவறாகவும் இருக்கலாம், சற்றுப் பார்க்க இயலுமா. வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு பராமரிப்பாளர் அதைப் படித்தால் என்ன தோன்றும்? அவசரமே இல்லை என்றுதான் தோன்றும். டீ குடித்து முடிப்பதற்குள் பதில் வந்தது. கரண்ட் போவது அபூர்வம். இப்படி ஒற்றை வரித் திருத்தங்களைச் சேர்த்துவைத்து அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம். அவ்வளவுதான், என் திருத்தத்தை ஏற்காமல் மூடிவிட்டார்.

நான் மேனேஜர் அறைக்குப் போனேன். அவரும் நல்ல மனிதர்தான், அன்று தலைக்கு மேல் வேலை.

"ஏனுங்க்கா, பிரஸ்ஸுக்காரன் காலைல இருந்து நச்சிட்டு இருக்கறான். அவிய இங்கிலீஷ்ல என்ன இருக்குதோ அதைத் தமிழ்ல போட்டுக் குடுங்க. நம்ம வேலை அவ்வளவுதானுங்க" என்றார்.

"பொய்னு தெரிஞ்சும் போடச் சொல்றீங்களா?"

"பொய்யுன்னு ஏனுங்க பெரிய வார்த்தை எல்லாம்? ஒரு வரிதானுங்களே."

"சரிங்க. புது வெர்ஷன் இன்னும் நம்ம ஆபீஸை விட்டு வெளிய போகலைதானுங்களே?"

"இல்லீங்க்கா, ஆறுச்சாமி இன்னைக்குத் தொண்டாமுத்தூர்ல ஒரு தோட்டத்துல ஏத்திட்டு இருக்காரு. மோட்டார்லயும் என்னமோ சத்தம் வருதாம், அதையும் பாத்துப்போட்டு வாரேன்னாரு."

ஆறுச்சாமி எங்கள் கம்பெனிக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெட்டி மாட்டுகிறவர். கிணற்று மோட்டார் ரிப்பேரும் பார்ப்பார். நான் எழுதிய கையேட்டை வரிக்கு வரி படிக்கிற ஒரே மனிதர் அவர்தான். அந்தக் கையேட்டில்தான் "மோட்டார் நின்றபடியே இருக்கும்" என்று என் தமிழில் அச்சாகியிருந்தது. மேனேஜர் மேஜைக்கு முன்னால் நின்றபடியே ஆறுச்சாமிக்கு போன் போட்டேன். அடித்தது. எடுத்தது வேறொரு குரல்.

"ஏனுங், யாருங்க?"

"கம்பெனில இருந்து பேசறேனுங்க. புக்கு எழுதற அம்மா. ஆறுச்சாமி எங்கீங்க?"

"அடடே, கம்பெனிங்களா! நாந்தானுங்க தோட்டத்துக்காரன், பழனிச்சாமி. ஆறுச்சாமி கெணத்துக்குள்ள இருக்காருங்க. சட்டையும் போனும் இங்க போர்டு ரூம்புல மாட்டிப்போட்டு எறங்குனாரு. மோட்டாரை ஓட்டிப் பாத்துட்டு இருக்கையில கரண்டு போச்சுங்க. செரி, அது வரதுக்குள்ள கப்ளிங் போல்ட்டை முறுக்கிப்போடலாம்னு எறங்கிட்டாருங்க."

கப்ளிங் என்பது மோட்டாரும் பம்பும் சேர்ந்து சுற்றுகிற இடம். அங்கே கை வைத்திருக்கும்போது மோட்டார் கிளம்பினால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்கு விளக்கப்போவதில்லை.

"ஐயா, பீஸ் கட்டை எங்கீங்க இருக்குது?"

"போர்டுலதானுங்க. உங்க பெட்டி வந்ததுல இருந்து அதையெல்லாம் ஆருங்க புடுங்கறா? அதுதான் தானா ஓடாதுன்னு புக்குலயே போட்டிருக்கறீங்களே."

"அதைக் கொஞ்சம் உருவிப் போடுங்க ஐயா. பெட்டி மாறிப்போச்சு. கரண்டு வந்தா ஓடிருமுங்க."

"உருவிப் போடலாமுங்க, அதுக்கென்னுங்க. அம்மணி சாப்டாச்சுங்களா? இங்க பாருங்க, நேத்து ஆனை வந்து நாலு தென்னையைச் சாச்சுப்போட்டு..."

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, மடையரும் இல்லை. போனில் பேசுகிறவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்காமல் அடுத்த பேச்சுக்குப் போவது நம்மூரில் மரியாதை இல்லை. நானும் அந்த மரியாதையில் வளர்ந்தவள். நான் 'ங்க' போட்டுச் சொன்ன வரைக்கும் அது அவர் காதில் ஒரு வேண்டுகோளாகத்தான் விழுந்தது. காலையில் அந்த வெளிநாட்டுக்காரருக்கு விழுந்த மாதிரியேதான். அது எனக்கு உறைத்த நொடியில் என் வாயிலிருந்து வந்தது இது:

"யோவ்! பேச்சை நிறுத்துய்யா! கட்டையைப் புடுங்கு! இப்பவே புடுங்கு!"

ஆபீஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். என் வாழ்நாளில் பால்காரரைக்கூட நான் ஒருமையில் பேசியதில்லை.

போனில் பீங்கான் உரசுகிற சத்தம். ஒன்று. இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அதற்குப் பிறகு அவர் குரல் மாறி வந்தது. "புடுங்கிட்டேன். ஆருகிட்டப் பேசறோம்னு தெரிஞ்சு பேசறியா நீ? என்ற தோட்டத்துல நின்னுட்டு இருக்கறேன், என்னையவே..."

அவர் திட்டட்டும் என்று நான் காத்திருந்தேன். அவர் குரலுக்குப் பின்னால் ஒரு உறுமல் கேட்டது. எங்கோ தள்ளி ஒரு மோட்டார். அப்புறம் இன்னொன்று, இன்னும் கிட்டத்தில். அக்கம்பக்கத்துத் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் வரிசையாகக் கிளம்பின. அவர் பேச்சு பாதியில் நின்றது.

"கரண்டு வந்துருச்சுங்க" என்றார்.

"அந்தக் கட்டையை உங்க மடியில வெச்சுக்குங்க. ஆறுச்சாமி மேல வந்து கேக்கற வரைக்கும் ஆருக்கும் குடுக்காதீங்க" என்று சொல்லி போனை வைத்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பழனிச்சாமி அவருக்கு போன் செய்திருக்கிறார். ஆறுச்சாமி பிழைத்ததைப் பற்றி ஒரு பேச்சும் இல்லையாம், நான் மரியாதையில்லாமல் பேசியதைப் பற்றித்தானாம். பயந்துபோன மனிதருக்குக் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படியெல்லாம் தோன்றவில்லை.

"ஒரு போன் போட்டு சாரி சொல்லிப்போடுங்க்கா. பெரிய மனுசன். அவரு சொந்தக்காரங்க தோட்டத்துக்கெல்லாம் நம்ம பெட்டிதானுங்க போட்டிருக்குது."

"சொல்லமாட்டேனுங்க."

"மருவாதிக்காகவாச்சும்..."

"மருவாதி குடுத்துட்டு இருந்திருந்தா இன்னைக்கு ஆறுச்சாமி ஊட்டுக்கு நீங்களும் நானும் மாலை வாங்கிட்டுப் போயிருப்போமுங்க. சாரி சொல்லமாட்டேன். வேலையை விட்டுப் போகச் சொன்னா போறேன்."

அவர் போகச் சொல்லவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மதியம் ஆறுச்சாமி வந்தார். நான் ஏதோ நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லத் தயாராக இருந்தேன். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏனுங்கம்மா, நான் தொழிலுக்கு வந்த நாள்ல இருந்து கட்டையை மடியில கட்டிட்டுத்தானுங்க எறங்குவேன். உங்க புக்கைப் படிச்சுப்போட்டுத்தானுங்க அதை உட்டேன். தானா ஓடாதுன்னு தமிழ்ல அச்சடிச்சுக் குடுத்தா நம்பாம என்னுங்க பண்றது?"

நான் எழுதியபோது அந்த வரி உண்மை. அன்று பல்ப் எரியவில்லை, நான் பார்த்தேன். ஓர் எழுத்துக்கூட மாறாமல் அது பொய்யாகிவிட்டது. நம் தொழிலின் ஆபத்தே இதுதான். எழுதியவர் தூங்குவார், வரி தூங்காது, அது பாட்டுக்கு யாரோ ஒருவரிடம் சத்தியம் செய்துகொண்டே இருக்கும்.

"இனி என்னுங்க பண்ணட்டும்?" என்று கேட்டேன்.

"தப்புன்னு தெரிஞ்சா மாத்துங்க. எனக்கு மட்டுமில்லீங்க. எல்லாத்துக்கும்."

தமிழ்க் கையேட்டின் புதுப் பதிப்பில் அந்த வரியை மாற்றிவிட்டேன். மேனேஜருக்கு அதுவே போதும் என்று இருந்தது. "நம்ம தலைவலி தீந்துபோச்சுல்லீங்க, அவிய ஆவணத்தை அவிய பாத்துக்குவாங்க" என்றார். எனக்குப் போதவில்லை. அந்த ஆவணத்தைப் படித்துப் பெட்டி செய்கிறவர்கள் நாங்கள் மட்டும்தானா? எந்தெந்த ஊரில், எந்தெந்த மொழியில், எத்தனை பேர் அதைப் பெயர்த்து அச்சடித்திருப்பார்கள்? அங்கேயும் கிணறு இருக்கும், கரண்ட் போகும், அங்கேயும் ஓர் ஆறுச்சாமி இருப்பார்.

மறுபடி எழுதினேன். இந்தத் தடவை ஒரு 'ங்க' கூட இல்லை. "உங்கள் ஆவணத்தில் உள்ள இந்த வரி தவறு. இதை நம்பி எங்கள் ஊரில் ஒருவர் கிணற்றில் இறங்கினார். கரண்ட் வந்தது. மூடியதைத் திறந்து இன்றே மாற்றுங்கள்." பராமரிப்பாளர் வருத்தம் தெரிவித்தார். ஆனால் மின்சாரப் பாதுகாப்பு அவரவர் பொறுப்பு, சாஃப்ட்வேரின் பொறுப்பு இல்லை, தவிர கரண்ட் போவது அபூர்வம்தானே என்று திரும்பவும் அதே பல்லவி. "உங்களுக்கு அபூர்வம். எங்களுக்கு டைம்டேபிள்" என்று எழுதினேன். அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? அவர் ஊரில் கரண்ட் போனால் அது பேப்பரில் வரும் செய்தி.

வாதாடிப் பிரயோஜனமில்லை என்று தோன்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறுச்சாமியைக் கூட்டிக்கொண்டு தொண்டாமுத்தூர் பக்கம் போனேன். கரண்ட் வருகிற நேரத்துக்கு ஒரு கிணற்று மேட்டில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆள் நடமாட்டமே இல்லை. தென்னந்தோப்பு, பின்னால் மலை, ஒரு காக்காய்ச் சத்தம். கரண்ட் வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் மோட்டார் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு கிளம்பியது, குழாயில் தண்ணீர் கொப்பளித்தது, அதில் ஒன்றைக்கூட ஒரு மனிதக் கை தொடவில்லை. அந்த வீடியோவை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அனுப்பிவைத்தேன்.

பதில் உடனே வரவில்லை. வந்தபோது சின்னதாக இருந்தது. இப்படி ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை என்றார். வரியை அன்றே மாற்றினார்: "மின்சாரம் திரும்ப வந்தால் மோட்டார் தானாக இயங்கக்கூடும்." இதற்குத்தான் இத்தனை சண்டை. நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்து இன்னொரு வரியும் வேண்டும் என்றேன். அதுதான் நீங்கள் இன்று நீக்கப் பார்க்கும் வரி.

கட்டையைப் பிடுங்கச் சொல்வதற்கு அவர் ஒப்புக்கொண்டார். 'தம்மோடு எடுத்துச் செல்ல வேண்டும்' என்பதை மட்டும் அடித்துவிட்டார். அது உள்ளூர் வழக்கம், பிடுங்கி வைத்தாலே போதுமே என்றார். உங்களுக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் காரணம் சரியாகத் தெரியாது. ஆறுச்சாமியைக் கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, மேல வெச்சுப்போட்டு எறங்குனா ஆராவது மாட்டிருவாங்களே?"

"கெணத்துல ஆள் இருக்கறப்ப ஆருங்க மாட்டுவா?"

"கெட்ட எண்ணத்துல ஆரும் மாட்டமாட்டாங்க. ஐயோ பாவம், கட்டை கழண்டு கெடக்குது, தண்ணி பாயாமப் போயிருமேன்னு நல்ல மனசோடதானுங்க மாட்டுவாங்க. கெணத்துக்குள்ள எட்டிப் பாத்துட்டா மாட்டுவாங்க? நல்ல மனசு இருக்கறவங்ககிட்டத்தானுங்க நெம்ப சாக்கிரதையா இருக்கோணும்."

இதை அப்படியே இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். அழகுபடுத்தவில்லை. அதற்கப்புறம் அந்த மனிதர் வாதாடவில்லை. வரி ஏறியது. சாஃப்ட்வேரின் மாற்றப் பதிவில் அதற்கு என்ன தலைப்புப் போட்டார்கள் தெரியுமா? 'சிறு திருத்தம்'. போட்டுவிட்டுப் போகட்டும். பெரிய திருத்தம் என்று பேர் வாங்கிய எத்தனையோ அடுத்த வெளியீட்டிலேயே குப்பைக்குப் போய்விட்டன. இது நிற்கிறது.

இப்போது உங்களிடம் வருகிறேன், தம்பி. புது வெர்ஷனில் மோட்டார் தானாகக் கிளம்பாது, பிரச்சினை தீர்ந்துவிட்டது என்கிறீர்கள். முன்பும் தீர்ந்துதான் இருந்தது! தீர்ந்திருந்ததால்தானே ஆறுச்சாமி கட்டையை உருவாமல் இறங்கினார்? நல்ல எண்ணத்தில் ஒருவர் மாற்றினார். நாளைக்கு நல்ல எண்ணத்தில் இன்னொருவர் மாற்றுவார். நீங்களே மாற்றலாம். அப்போது ஆவணத்தைத் திருத்த மறக்கமாட்டீர்கள் என்று எனக்கு எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. மறப்பீர்கள், மனிதர் என்றால் மறக்கத்தான் செய்வார்கள். அந்த மறதிக்கு எதிராகத்தான் அந்த வரி அங்கே நிற்கிறது. உங்கள் புரோகிராமில் எந்த மூலையில் எதை மாற்றினாலும், கிணற்றுக்குள் இருக்கிறவர் மடியில் இருக்கும் கட்டையை உங்களால் எட்ட முடியாது. எட்ட முடியாது என்பதுதான் அதன் அருமை.

இன்னொன்று. ஒரு வரித் திருத்தம் அனுப்பும்போது யாராவது, இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டால் கூனிக் குறுகாதீர்கள். ஆமாம், இதுதான் என் வேலை என்று சொல்லுங்கள். மூடினால் திறங்கள். மறுபடி மூடினால் மறுபடி திறங்கள். மரியாதையாகச் சொல்ல நேரம் இருக்கும்போது மரியாதையாகச் சொல்லுங்கள். நேரம் இல்லாதபோது கத்துங்கள். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

உங்கள் திருத்தத்தைப் பார்த்த அன்று எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்தது. வயதாகிவிட்டது, வீம்புக்குப் பிடித்துத் தொங்குகிறேனோ என்று. ஆறுச்சாமியையே கேட்டுவிடலாம், அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம் என்று போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை. யாரோ ஒரு தோட்டத்துக்காரர் எடுத்தார்.

"ஆறுச்சாமி கெணத்துக்குள்ள இருக்காருங்க. யாருங்க பேசறது?"

"பீஸ் கட்டை எங்கீங்க?" என்று கேட்டேன்.

"அதை ஏனுங்க கேக்கறீங்க! கரண்டு வந்து அரை மணி நேரமாச்சு, பயிரு காஞ்சுட்டுக் கெடக்குது. ஆளு மேல வந்துட்டாரோ என்னமோன்னு நெனச்சு மோட்டாரைப் போட்டு உடலாம்னு வந்தனுங்க. போர்டுல பாத்தா கட்டையைக் காணலீங்க. மனுசன் மடியில கட்டிட்டு எறங்கிட்டாரு. எட்டிப் பாத்துக் கேட்டா, தரமாட்டேங்கறாருங்க!"

"நல்லதுங்க. சாப்டீங்களா?" என்று கேட்டேன்.

அந்த வரி அங்கேயே இருக்கும். நீக்கிப் பாருங்கள், பார்க்கலாம்.